ஒன்று, எண் அல்ல, சோனாங்குப்பம்

மஞ்சக்குப்பத்தில் வங்கிக்கு மேல்மாடி.
கருப்புத் திரையில் ஒரே வரிதான் எழுத வேண்டும்.
மேற்கே எழுபத்தொன்பதரை, கிழக்கே எண்பது,
தெற்கே பதினொன்றரை, வடக்கே பன்னிரண்டு.
கட்டத்துக்குக் கட்டம் ஒரு நிமிடம்
(இந்த நிமிடம் நேரமல்ல, தூரம்;
இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல்).
கரைக்கோட்டில் ஐந்து தரம் இருக்கிறது.
சாப்பாட்டு நேரம் நெருங்கியதால் நடுத்தரம்.
தட்டினேன். டப்பாவைத் திறப்பதற்குள்
வந்துவிட்டது மாஸ்க் கிரிட்.

முகமூடி என்று தமிழில் எழுதிப் பார்த்தேன்.
திருடன் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டேன்.

வேலை இதுதான்:
செயற்கைக்கோள் அனுப்பும் கடல் வெப்பத்தில்
நிலத்தின் சூடு கலக்கக் கூடாது.
கடலுக்கு ஒன்று, நிலத்துக்குப் பூஜ்யம்,
பெருக்கினால் முடிந்தது என்று
போன மாதம் நினைத்தேன்.
நெல்லிக்குப்பம் கரும்புக் கொல்லையெல்லாம்
பூஜ்யம் டிகிரி.
வரைபடம் நெடுகப் பனி கொட்டியிருந்தது.
தவுலத் சார் திட்டவில்லை,
'கம்பளி வாங்கணுமேம்மா' என்றார்.

அதனால் இந்த முறை நிலத்துக்கு
'எண் அல்ல' என்று கொடுத்தேன்.
விசித்திரமான பிறவி அது.
எதோடு கூட்டினாலும் கூட்டியதையும் விழுங்கிவிடும்.
நீயும் நீயும் சமமா என்று கேட்டால்
இல்லை என்று சொல்லும்.
எனக்கும் சில காலைகளில் அப்படித்தான்.

கட்டளைக்குள் ஐந்து இடம் வைத்திருக்கிறார்கள்:
கடல், நிலம், நிலத்துக்குள் ஏரி,
ஏரிக்குள் தீவு, அந்தத் தீவுக்குள் குட்டை.
குட்டைவரை யோசித்த மகராசன்
முகத்துவாரத்தை யோசிக்கவில்லை.
இந்த ஊர்ப் பெயரிலேயே
கடலும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது.
ஏதாவது ஒன்றைச் சொல் என்கிறது கட்டம்.

மூன்று மணிக்குக் கடல் கொதித்தது.
ஒரே ஒரு கட்டத்தில் நாற்பத்திரண்டு டிகிரி,
சுற்றிலும் இருபத்தொன்பது.
மீன் அவிந்து மிதக்கும் சூடு.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கொதித்தது கடல் இல்லை,
சோனாங்குப்பத்துத் தகரக் கூரைகள்.
நடுத்தரக் கோட்டுக்கு
உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில்
ஆள் இருப்பது தெரியாது.

ஐஸ் பிளாண்டில் கணக்கெழுதும் குமுதவல்லிக்கு
அந்தக் கட்டத்துக்குள்தான் வீடு.
போனில் கேட்டேன்:
உங்க தெரு நிலம்தானே?
'கட்டில்ல உக்காந்திருக்கேன்.
கட்டில் காஞ்சுதான் இருக்கு.'
தெருவுக்குக் கிழக்கே?
'தையில மணலு. ஐப்பசியில ஆறு அறுத்துக்கிட்டுப் போயிரும்.
நீ எந்த மாசத்தக் கேக்குற?'

கட்டளையில் மாதத்துக்கு இடமில்லை.

அவளையே நடக்கச் சொன்னேன்.
கையில் போன், வெயில் தாழ்ந்த நேரம்,
பின்னால் ஒரு நாயும் இரண்டு பையன்களும்.
ஓரமாக நடந்து நடந்து
இருபத்து மூன்று புள்ளிகள் அனுப்பினாள்.
பதினேழாவது புள்ளி நடுக்கடலில் இருந்தது.
'படகு மேல ஏறிப் பாத்தேன், சும்மா.'
அதை நீக்கிவிட்டு மீதியைக் கோத்தேன்.
எங்கள் கோடு. விலைக்கு வாங்கியதல்ல.

இப்போது வேறொரு கட்டளை, மூன்றே கேள்வி:
வெளியே என்ன? விளிம்பில் என்ன? உள்ளே என்ன?
வெளியே ஒன்று. உள்ளே எண் அல்ல.
விளிம்பில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.
ஐந்தேமுக்கால். தவுலத் சார் மின்விசிறியை நிறுத்திவிட்டார்.
மறுபடியும் அவளைக் கூப்பிட்டேன்.
விளிம்புல என்ன போடட்டும்?

'என்னமோ போடு.
வலை காயுது அங்க, அத மட்டும் மிதிக்காத.'

கோப்பின் பெயர் சோனாங்குப்பம், கீழ்க்கோடு, தை.
ஐப்பசியில் திரும்ப நடக்க வேண்டும்.
விளிம்பை இன்னும் நிரப்பவில்லை.